பின்கதவைத் திறந்துவிடும் அந்த ஐந்து நிமிடங்கள்

குடியிருப்பின் கடைசி வீட்டில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரது அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வீட்டின் பின்சுவருக்கு அப்பால் புதர்க்காடும் அதையடுத்து ஓர் ஓடையும் இருக்கின்றன. கணவர், பள்ளி செல்லும் மகன், மாமியார் ஆகியோருடன் அவர் வசிக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன், பின்புறத்தில் கட்டியிருந்த அவர்களுடைய வளர்ந்த நாய் ஒரு விடியற்காலையில் காணாமல்போனது. சங்கிலியும் அறுந்த கழுத்துப்பட்டையும் மட்டுமே மிஞ்சின. மகன் பல நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்காகவே இப்போது 10 வாரக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன் எடை மூன்றரைக் கிலோ. முதல் தடுப்பூசி மட்டும் போடப்பட்டிருக்கிறது. குட்டி வந்த இரண்டாம் வாரத்தில் பின்புற ஈரமண்ணில் ஒரு காலடித் தடத்தை வாசகி பார்த்திருக்கிறார். நான்கு விரல்கள், அகலம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர், நகக்குறி எதுவும் இல்லை. அந்தி நேரத்தில் நரிகளின் ஊளை கேட்கிறது. பகலில் ஒரு பருந்து வட்டமிடுகிறது.

அவர் கேட்பவை இவை. குட்டி எத்தனை கிலோ எடைக்கு வந்தால் பயமில்லை? சுவரை ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டராக உயர்த்தினால் போதுமா? விலங்குகளை விரட்ட விற்கப்படும் ஒலிக்கருவி பயன்தருமா? இன்னொரு பெரிய நாயை வாங்கினால் அது குட்டியைக் காக்குமா? கணவர் விஷம் தடவிய இறைச்சியோ கால்பொறியோ வைக்கலாம் என்கிறார், அது சரியா? குட்டி இப்போது பின்கட்டில் உள்ள சாமான் அறையில் படுக்கிறது. நாய் வீட்டுக்குள் இருக்கலாகாது என்னும் மாமியார், அடுத்த மாதத்திலிருந்து அதை வெளியே கட்டவேண்டும் என்கிறார். இவ்வளவு சிக்கலென்றால் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லதா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் சுவரைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் கண் நின்ற இடம் வேறு. நான்காம் பக்கத்தில், குட்டி எவ்வளவு சமர்த்து என்று சொல்லும் மகிழ்ச்சியில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இரவு இரண்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் அது முனகும், பின்கதவைத் திறந்துவிடுவேன், ஐந்து நிமிடத்தில் தானாகவே திரும்பிவந்து கதவைச் சுரண்டும்.” இதைப் படித்ததும் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இன்றிரவு அந்தக் கதவைத் திறந்துவிடாதீர்கள் என்று மட்டும் எழுதி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். மூன்றரைக் கிலோ எடையுள்ள ஓர் உயிர், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே கதவின் வழியாக, முனகிக்கொண்டே, தனியாக இருட்டுக்குள் வருகிறது. வேட்டை விலங்கு ஒரு வீட்டைச் சுற்றிவரும்போது சுவரின் உயரத்தை மட்டும் அளப்பதில்லை. அந்த வீட்டின் பழக்கங்களையும் அது தெரிந்துகொள்கிறது. உங்கள் முந்தைய நாய் போனதும் விடியற்காலையில்தான் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே என் ஆலோசனை முழுவதும் அந்த ஐந்து நிமிடங்களைச் சுற்றியே அமையும். மற்ற நேரங்களில் உங்கள் குட்டிக்குள்ள ஆபத்து நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவு. அந்த ஐந்து நிமிடங்களில் நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகம்.

யாருடைய தடம் அது?

நகக்குறி இல்லாததால் அது நகம் தேய்ந்த கிழட்டு நாயாக இருக்கும் என்று ஊகித்து ஆறுதல் அடைந்திருக்கிறீர்கள். அந்த ஆறுதலைக் குலைப்பதற்கு வருந்துகிறேன். நாய், நரி, ஓநாய் ஆகியவை நகத்தை உள்ளிழுக்க முடியாதவை. அவற்றின் தடத்தில், குறிப்பாக நீங்கள் சொல்லும் ஈரமண்ணில், விரல்களுக்கு முன்னால் நகப்புள்ளிகள் பெரும்பாலும் விழும். பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் நகத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு நடப்பதால் அவற்றின் தடத்தில் நகம் தெரியாது. நரியின் தடம் 8 சென்டிமீட்டர் அகலம் இருக்காது. வீட்டுப்பூனையின் தடம் அதில் பாதிகூட வராது. நீங்கள் அளந்தது சரியென்றால் வந்தது ஒரு பெரும்பூனை. உங்கள் பகுதியைப் பொறுத்து அது சிறுத்தையாகவோ பூமாவாகவோ இருக்கலாம். தடத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, உங்கள் பகுதியின் வனவிலங்கு அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். தடம் பார்ப்பதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பகுதியில் என்ன நடமாடுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சிறுத்தை என்றதும் பதறவேண்டாம். நாய் அதற்கு வழக்கமான இரை என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். மகாராஷ்டிராவின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில், காடே இல்லாத வயல்வெளிகளில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அவை உண்டவற்றில் எடைக்கணக்கில் 39 விழுக்காடு வீட்டுநாய்களே என்று கண்டார்கள். ஆட்டைவிட நாய்தான் அதிகம். இரவில் ஆடு பட்டிக்குள் அடைபட்டிருக்கும், நாயோ வெளியில் திரியும் அல்லது கட்டப்பட்டிருக்கும் என்பதை நினைத்துப்பார்த்தால் இதில் வியப்பில்லை.

எடை என்னும் தவறான கணக்கு

“எத்தனை கிலோ வந்தால் பயமில்லை?” என்ற கேள்வியை வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் விடை வேறு என்பதால், ஒரே எண்ணைச் சொல்ல என்னால் இயலாது.

பருந்தை எடுத்துக்கொள்வோம். நம் தலைக்கு மேல் பொதுவாக வட்டமிடும் பருந்தின் எடை ஒரு கிலோவுக்கு உட்பட்டது. வலிமைமிக்க வேட்டைப் பறவைகளில் ஒன்றான பொன்னிறக் கழுகுகூட 3 முதல் 6 கிலோ வரைதான் இருக்கும். வேட்டைப் பறவைகள் தம் எடைக்கு மேற்பட்ட சுமையைச் சமதரையிலிருந்து தூக்கிக்கொண்டு எழும்புவது அரிது. ஆகவே உங்கள் குட்டியைப் பருந்து தூக்கிச் சென்றுவிடும் என்ற அச்சத்தை விட்டுவிடலாம். ஆனால் தூக்க முடியாது என்பதற்காகத் தாக்காது என்று சொல்ல முடியாது. பெரிய கழுகும் பெரிய ஆந்தையும் தரையிலேயே வைத்துக் குட்டியின் கண்ணையோ முதுகையோ கிழித்துவிடக்கூடும். ஆள் பக்கத்தில் நின்றால் அவை இறங்குவது மிக அரிது. மரநிழலும் கூரைநிழலும் உதவும். இதற்குமேல் பருந்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

நரி பொதுவாக 8 முதல் 12 கிலோ வரை எடையுள்ளது. இணையாகவோ சிறு குடும்பமாகவோ வரும். உங்கள் குட்டி பாதி வளர்ந்துவிட்டால், தனி நரி ஒன்று அதனோடு மோதத் தயங்கும். மலைப்பாம்பு நடமாடும் பகுதியென்றால் இன்னும் நெடுங்காலம் கவனம் வேண்டும். சிறுத்தைக்கோ எந்த எடையும் வரம்பில்லை. உங்கள் முந்தைய நாய் முழு வளர்ச்சி பெற்றிருந்தது; சங்கிலியில் கட்டியும் இருந்தீர்கள். கட்டிவைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. சங்கிலி நாயைத் திருடனிடமிருந்து காக்கலாம். வேட்டை விலங்கின் முன் அது நாயின் ஓட்டத்தைப் பறித்து, குரைப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. தனியே கட்டப்பட்ட குட்டியின் முனகல் தூரத்திலிருந்து வரும் விலங்குக்கு வழிகாட்டியாகிவிடும். குட்டிகளின் வேதனைக் குரலைப் போலியாக எழுப்பித்தான் வேட்டைக்காரர்கள் நரி இனங்களைத் தம்பக்கம் வரவழைக்கிறார்கள் என்பதிலிருந்தே அந்த ஒலியின் ஈர்ப்பை நீங்கள் உணரலாம்.

இன்றிரவிலிருந்து செய்ய வேண்டியது

10 வாரக் குட்டியால் சிறுநீரை இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது. மாதம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒன்று என்று நாங்கள் தோராயமாகக் கணக்கிடுவோம். எனவே இரவில் அது எழுந்து முனகுவது அடம் அல்ல. அதற்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும். கேள்வி, அந்த இடம் வெளியே இருக்கவேண்டுமா என்பதுதான். அடுத்த இரண்டு மாதங்களுக்கு இரவில் மட்டும் சாமான் அறையின் ஒரு மூலையில், அகலமான ஆழமில்லாத தட்டில் மண்ணோ பழைய செய்தித்தாளோ போட்டு, அங்கேயே பழக்குங்கள். உறங்கும் நேரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே கடைசி உணவைக் கொடுத்துவிடுங்கள். படுக்கும் முன் ஒருமுறை வெளியே அழைத்துச்சென்று வாருங்கள். இப்படிச் செய்தால் பகலில் வெளியே போகும் பழக்கம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். கெடாது, சற்றுத் தாமதமாகலாம், அவ்வளவே.

வெளியே அழைத்துச் செல்லும்போது, மார்புப்பட்டையில் மாட்டிய இரண்டு மீட்டர் வாரின் மறுமுனை உங்கள் கையில் இருக்கவேண்டும். கழுத்துப்பட்டையில் மாட்டினால், அவசரத்தில் இழுக்கும்போது குட்டியின் கழுத்து நெரியும், அல்லது பட்டை தலைவழியே கழன்றுவிடும். கதவைத் திறக்குமுன் விளக்கைப் போட்டு, டார்ச் ஒளியைப் புதரோரம், சுவர்மேல், மரக்கிளை என்று மெதுவாகச் செலுத்துங்கள். விலங்கின் கண்கள் ஒளியைத் திருப்பிக் காட்டும். சற்று உரக்கப் பேசிக்கொண்டே செல்லுங்கள். வாசற்படியிலிருந்து நான்கைந்து அடிக்குள் ஒரே இடத்தைக் குட்டிக்குப் பழக்குங்கள். அந்த நேரத்தில் கைபேசியைப் பார்க்காதீர்கள்.

சில நாட்களில் நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றுவதும் நல்லது. அதைவிட முக்கியம், அந்தியும் வைகறையும் ஆன இரு பொழுதுகளில் குட்டியை வெளியே விளையாட விடாமலிருப்பது. வேட்டை விலங்குகளில் பெரும்பாலானவை சுறுசுறுப்பாக இயங்குவது அப்போதுதான்.

இவ்வளவையும் படித்துவிட்டுக் குட்டியை நாள்முழுவதும் வீட்டுக்குள் பூட்டிவைத்துவிடாதீர்கள். மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம் வரையிலான காலத்தில்தான் நாய்க்குட்டி உலகத்தோடு பழகுகிறது. அப்போது மனிதர்களையும் ஓசைகளையும் புதிய தரைகளையும் சந்திக்காத குட்டி, பின்னாளில் எதற்கெடுத்தாலும் அஞ்சும் நாயாகவோ கடிக்கும் நாயாகவோ வளரும் வாய்ப்பு அதிகம். நல்ல வெயிலில், உங்களோடு, வாரோடு அது நிறையச் சுற்றிவரட்டும். புதர்ப்பக்கம் மட்டும் வேண்டாம். காட்டு விலங்கின் எச்சம் கிடக்கும் மண்ணில், குட்டிகளைக் கொல்லக்கூடிய கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ கிருமி பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும், உங்கள் குட்டிக்கோ தடுப்பூசி வரிசை இன்னும் முடியவில்லை. தொலைவாகப் போகும்போது தூக்கிக்கொண்டு போங்கள்.

சுவரும் கூண்டும்

இரண்டு மீட்டர் சுவர் நரியைப் பெரும்பாலும் தடுக்கும். அடியில் தோண்டிக்கொண்டு வராதபடி பார்த்துக்கொண்டால். சிறுத்தையைத் தடுக்காது. அது மூன்று மீட்டர் உயரம்வரை தாவக்கூடியது, அருகில் மரமிருந்தால் தாவவும் தேவையில்லை. சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் மகனின் பந்து விழும் பக்கம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சுவரை உயர்த்த வைத்திருக்கும் பணத்தில் பாதியைக் கொண்டு, பின்கதவை ஒட்டியே இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் கொண்ட கூரையிட்ட கூண்டு ஒன்றைக் கட்டுங்கள். கதவைத் திறந்தால் குட்டி நேராகக் கூண்டுக்குள்தான் போகவேண்டும், திறந்தவெளிக்கு அல்ல. இதில் பலரும் தவறும் இடங்கள் சில உண்டு. கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்க உதவுமேயன்றி, வேட்டை விலங்கை வெளியே நிறுத்தாது. பல்லாலேயே அதைக் கிழித்துவிடும். பற்றவைத்த தடித்த கம்பிவலையைக் கேட்டு வாங்குங்கள். கண்ணி 25 மில்லிமீட்டருக்கு மேற்படாமலிருக்கட்டும்; பாம்பு வரத்து உள்ள இடமென்றால் கீழ்ப்பகுதிக்கு 12 மில்லிமீட்டர் கண்ணி வேண்டும். கூரைக்கும் அதே வலை. கீழிருந்து முழங்கால் உயரம்வரை பலகையோ செங்கல்லோ வைத்து மறையுங்கள், ஏனெனில் வலைக்கருகே படுத்திருக்கும் குட்டியை வெளியிலிருந்தே நகத்தால் இழுக்க முடியும். தரை சிமென்ட் தளமாக இருந்தால் நல்லது. மண்தரையென்றால் வலையை வெளிப்பக்கமாக மடித்து அரை மீட்டர் அகலத்துக்கு மண்ணுக்கடியில் கிடத்திவிடுங்கள். தோண்டும் விலங்கு வேலியின் அடியிலிருந்தே தோண்டத் தொடங்கும். வலை தட்டுப்பட்டால், அரை மீட்டர் பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் அந்தக் கூண்டு சிறுநீர், மலம் கழிப்பதற்கும் பகலில் விளையாடுவதற்கும்தான். இரவில் உறங்குவதற்கு வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை.

ஒலிக்கருவியை வாங்கவேண்டாம், அது பயனளிப்பதற்குப் போதிய சான்று இல்லை, உங்கள் குட்டியின் செவிக்கு மட்டும் அது தொல்லையாகலாம். நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சென்சார் விளக்கு வேறு. முதல் சில வாரங்கள் அது விலங்கைத் திகைக்கவைக்கும், பிறகு பழகிவிடும். ஆனால் அந்த விளக்கின் உண்மையான பயன் உங்களுக்குத்தான். கதவைத் திறக்குமுன் முற்றம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

முற்றத்தில் அவற்றை ஈர்ப்பது எது?

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: பின்சுவரோரம் எச்சில் கொட்டும் தொட்டி, இரவெல்லாம் வெளியே இருக்கும் நாய்த்தட்டு. தட்டில் மிஞ்சும் உணவுக்கு எலி வரும், எலிக்காகப் பாம்பு வரும். தொட்டிக்கு நரியும் தெருநாய்களும் வரும், தெருநாய்களைத் தேடிப் பெரும்பூனை வரும். குட்டியின் உணவை வீட்டுக்குள்ளேயே கொடுத்து, தட்டைக் கழுவி எடுத்துவையுங்கள். தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். சுவரையொட்டி இரண்டு மூன்று மீட்டருக்குப் புதரை வெட்டித் திறந்தவெளியாக்குங்கள். பதுங்கி வரும் விலங்கு மறைவில்லாத இடத்தைக் கடக்கத் தயங்கும். பக்கத்து வீட்டாரும் இதைச் செய்யாவிட்டால் பாதிப் பலன்தான். அவர்களிடம் குட்டியைப் பற்றிப் பேசாமல், சிறு குழந்தைகளைப் பற்றிப் பேசுங்கள், விரைவில் ஒப்புக்கொள்வார்கள்.

உங்கள் கணவருக்குச் சில வார்த்தைகள்

தம் நாயை இழந்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விஷ இறைச்சியை முதலில் கண்டுபிடிக்கப்போவது, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும் வயதிலுள்ள உங்கள் குட்டிதான். விஷமுண்ட எலியைக் கவ்வினாலும் போதும். இப்படி நுரைதள்ளியும் வலிப்போடும் தூக்கிவரப்பட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் விஷத்தை வைத்தது அதே வீட்டார் அல்லது அடுத்த வீட்டார்தான். விஷத்தைப் பறவை உண்ணும், தெருநாய் உண்ணும். குறிவைத்த விலங்கு அதை உண்ணாமலே போகலாம். கால்பொறியும் இப்படித்தான்: மிதிப்பது யாருடைய கால் என்று அது பார்ப்பதில்லை. அது உங்கள் மகனின் காலாகவும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 1995 முதல் கால்பொறிகளின் பயன்பாட்டையே தடைசெய்திருக்கிறது. சிறுத்தை போன்ற காக்கப்பட்ட விலங்கைக் கொல்வதோ காயப்படுத்துவதோ பல நாடுகளில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நாயை இழந்தோம் என்பது அதற்கு எதிர்வாதமாகாது.

அதிகாரிகளே கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்பதும் பலர் கேட்பதுதான். அந்த வழியும் நினைப்பதுபோல் எளிதன்று. 2000களின் தொடக்கத்தில், அதே மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் சிறுத்தைகளை ஏராளமாகப் பிடித்து வேறிடங்களில் விட்டார்கள். அதன்பின் மனிதர்கள் மீதான தாக்குதல்கள் குறையவில்லை, பெருகின. ஓரிடத்தில் வாழ்ந்து பழகிய விலங்கை எடுத்துவிட்டால் அந்த எல்லை காலியாகவே இருப்பதில்லை. அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கும் அமைதியாக இருந்துவிடுவதில்லை. ஆகவே வனவிலங்கு அதிகாரிகளிடம், “பிடித்துச் செல்லுங்கள்” என்பதைவிட, “வந்து பாருங்கள், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். வளர்ப்புநாய் இழப்புக்கு ஈடு கிடைக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அறுந்த கழுத்துப்பட்டையையும் அன்று எடுத்த படங்களையும் எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புக்கம்பி ஒன்றைக் கதவோரம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விலங்கு குட்டியைக் கவ்விவிட்டால், கத்துங்கள், ஒளியைப் பாய்ச்சுங்கள், பாத்திரத்தைத் தட்டுங்கள், தண்ணீர்க் குழாயைத் திருப்புங்கள். நரியென்றால் பெரும்பாலும் விட்டுவிட்டு ஓடும். பெரும்பூனையின் வாயிலிருந்து இரையைப் பிடுங்க யாரும் முயலக்கூடாது. எதிர்ப்பட்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல், ஓடாமல், முகம் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து கதவை அடையுங்கள். இரவில் குட்டியோடு மகனைத் தனியே அனுப்பாதீர்கள்.

இன்னொரு நாய்?

பெரிய நாய் எச்சரிக்கை செய்யும் என்பது உண்மை. நரியை விரட்டவும் செய்யலாம். ஆனால் மந்தை காக்கும் நாய்கள்கூட அந்த வேலைக்குப் பக்குவப்பட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அவையும் கூட்டமாக இருந்தே காக்கின்றன. இமயமலையிலும் துருக்கியிலும் இத்தாலியிலும் மேய்ப்பர்கள் தம் நாய்களுக்கு இரும்பு முள் வைத்த கழுத்துப்பட்டை அணிவித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். காவல்நாய்க்கே காவல் தேவைப்பட்டது. (அத்தகைய பட்டையைக் குட்டிக்குப் போடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள், அதன் எடையே குட்டியின் கழுத்துக்குச் சுமை.) உங்களுக்கு இன்னொரு நாய் வேண்டுமென்றால், இந்தக் குட்டிக்கு ஒரு வயதானபின், அதற்கென்று ஆசைப்பட்டு வாங்குங்கள். மெய்க்காவலுக்காக வாங்காதீர்கள்.

கடிபட்டுவிட்டால்

வெளியே இரண்டு சிறு துளைகள் மட்டும் தெரியும். குட்டி எழுந்து நடக்கும், வாலையும் ஆட்டும். அதைப் பார்த்து மஞ்சளோ மருந்தோ தடவிவிட்டுக் காலைவரை காத்திருந்தவர்கள்தான் என்னிடம் பெரும்பாலும் காலம் கடந்து வருகிறார்கள். விலங்கு கவ்வி உதறும்போது தோல் அசைந்துகொடுக்கும். உள்ளேயிருக்கும் தசையும் விலாவும் நுரையீரலும் கிழிந்துபோகும். மேலே தெரிவது எறும்புப் புற்றின் வாயளவுதான். உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். குட்டியைத் துண்டில் சுற்றி, தட்டையான பலகையிலோ பெட்டியிலோ கிடத்துங்கள். ரத்தம் வடியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப்பிடியுங்கள். மார்பில் துளை இருந்தால் அதன்மேல் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள்.

பாம்புக்கடியென்று சந்தேகித்தால் கட்டுப்போடுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் வேண்டாம். குட்டியை நடக்கவிடாமல் தூக்கிச்செல்லுங்கள். விஷமுறிவு மருந்து நாய்க்கும் உண்டு. நேரம் ஒன்றே முக்கியம்.

ரேபிஸைப் பற்றி நீங்கள் கேட்கவேயில்லை, ஆனால் உங்கள் நிலைமையில் அதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். காட்டு விலங்கின் கடியை ரேபிஸ் இருக்கக்கூடிய கடியாகவே கருதவேண்டும். குட்டிக்கு அந்தத் தடுப்பூசி பொதுவாக 12 வாரத்தில்தான் போடப்படும்; உங்களுக்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருக்கின்றன. அந்த நாளைத் தவறவிடாதீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களிடையே பரவும் கொடிய வைரஸ் நோய்) ஆகியவற்றுக்கான தடுப்பூசி வரிசையும் 16 வாரம் முடியும்வரை தொடரவேண்டும். கடிபட்ட குட்டியைக் கையுறையோடு தொடுங்கள். அதன் மேலுள்ள எச்சில் உங்கள் கைக்காயத்தில் பட்டுவிட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மனித மருத்துவரைப் பாருங்கள்.

தடுப்பூசி உங்கள் குட்டியை மட்டும் காப்பதில்லை. 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டி காட்டுவெளியில் டிஸ்டெம்பர் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறந்தன. சுற்றியிருந்த கிராமங்களின் நாய்கள்மீதே அப்போது முதல் சந்தேகம் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் மட்டுமே ஆபத்து வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா?

இதற்கு உங்கள் மாமியாரிடமே விடை இருக்கிறது. நாய் வீட்டுக்குள் இருக்கலாகாது என்பதன் பின்னால் சுத்தம் பற்றிய கவலை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலை நியாயமானதே. 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கொருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதமொருமுறையும் குடற்புழு மருந்து கொடுப்பது, உண்ணிகளுக்கு மருந்திடுவது, சாமான் அறையைத் தவிர வேறெங்கும் போகாதபடி சிறு தடுப்புக்கதவு வைப்பது ஆகிய மூன்றையும் அவரிடம் சொல்லி, பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த அறைக்குத் தனிக்கதவு இருப்பதால், வீட்டின் மற்ற பகுதி வழியே குட்டி வரவேண்டிய தேவையும் இல்லை. அவர் விரும்பினால் இந்தப் பதிலையும் வாசித்துக்காட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குட்டி இரவில் வெளியேதான் இருக்கவேண்டும் என்பது வீட்டின் முடிவானால், தயங்காமல் அதை வேறொரு நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மகன் அழுவான். ஆனால் நான்கு மாதங்களுக்கு முன் அவன் அழுத அழுகை வேறு.

வீட்டுக்குள் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தால், மகனுக்கும் ஒரு வேலை தரலாம். சுவரோரம் நீங்கள் தடம் பார்த்த இடத்தில் ஒரு கைவிரிப்பு அகலத்துக்கு மெல்லிய மணலைப் பரப்பி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, வெளிச்சம் இருக்கும்போதே மாலையில் அவன் அதைச் சமன் செய்யட்டும். காலையில் நன்றாக விடிந்தபின் போய்ப் பார்த்து, தடம் இருந்தால் அளவுகோலோடு படமெடுத்து, தேதியைக் குறித்துவைக்கட்டும். ஒரு மாதக் குறிப்பு சேர்ந்ததும் அதை அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். எந்த நாட்களில், எந்தப் பக்கமாக வருகிறது, தொட்டியை மூடிய பிறகு வருவது குறைந்ததா என்பதையெல்லாம் அந்தக் குறிப்பேடு சொல்லும். மணலில் பத்து நாட்கள் தடமே விழாவிட்டாலும் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிடாதீர்கள்.